கடைசிப் பகுதி வராமல் போன சனிக்கிழமை

முரளி,

இதைச் சாப்பிட்டுவிட்டுப் படி. வெறும் வயிற்றில் படிக்கிற விஷயம் இல்லை. ஒரே வீட்டில், ஒரே குடத்துத் தண்ணீரை மொண்டு குடிக்கிறவர்களுக்குள் கடிதம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று நீ நினைப்பாய். நானும் அப்படி நினைத்துத்தான் மூன்று நாளாக உன்னிடம் நேரில் சொல்லப் பார்த்தேன். வாயைத் திறந்தால் "குழாயில தண்ணி வந்துச்சா" என்று ஏதாவது வந்து விழுகிறது. அதனால் மொட்டை மாடி கேபிள் அறையில், மதியப் படம் வீடியோ டெக்கில் ஓடிக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்து எழுதுகிறேன். படம் முடிவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும். முடிந்துவிட்டால் கீழே இறங்கிப் போய் வேறு வேலை பார்க்க ஆரம்பித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலையில் நீ அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாய். நான் குளியலறையில் இருந்தேன், முகமெல்லாம் சோப்பு. அடையாறு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் உன்னைத் தேர்வு செய்திருக்கிறார்கள், அவர்களே பயிற்சி கொடுத்து வேலையும் கொடுப்பார்கள், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று அம்மா எடுத்துச் சொல்ல, நீ சிரித்துக்கொண்டே, "வேணாம்மா. மெஷினுன்னா என் கைக்கு ஆவாது. நான் தொட்டா எதுவும் உருப்படாது, ஒனக்குத் தெரியாதா?" என்றாய். அம்மாவும் கூடச் சிரித்தாள். நான் சோப்பைக் கழுவாமல் அப்படியே நின்றேன். அந்தப் பேச்சு உன்னுடையது இல்லை, முரளி. நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே அறை வாசலில் வைத்து, அடித்துச் சொல்லிக்கொடுத்தேன்.

நீ பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு லீவில் இருந்த நாட்கள் அவை. நான் டிவி ரிப்பேர் கடையை மூடிவிட்டு இந்தக் கேபிள் தொழிலுக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மொட்டை மாடியில் டிஷ் குடை, அறைக்குள் சேனலுக்கு ஒன்றாக ஆறு ரிசீவர், படத்தை ஒயரில் ஏற்றி அனுப்ப ஆறு மாடுலேட்டர். அங்கிருந்து ஒயர் மயிலாப்பூர் சந்துகளுக்குள் நுழைந்து, கடற்கரைச் சாலையைத் தாண்டி நொச்சிக்குப்பம் வரைக்கும் போகும். தினமும் மாலை ஐந்தரை மணிக்கு ஓர் இங்கிலீஷ் சேனலில் அந்த விண்வெளித் தொடர் வரும். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே எடுத்த பழைய தொடர். கிரகத்துக்குக் கிரகம் தபால் கொண்டுபோகிற கப்பல் ஒன்று, வழி தவறிவிடுகிறது. வழி தெரியாவிட்டாலும், எந்தக் கிரகத்தில் இறங்குகிறார்களோ அங்கே யாருக்காவது தபால் இருக்கிறதா என்று மூட்டையில் தேடுவார்கள். அட்டையில் செய்த கப்பல், வாணலியைக் கவிழ்த்தது போலத் தொப்பி. நான் பார்த்துச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. கண் கொட்டாமல் பார்த்தாய்.

அப்புறம் போன் வர ஆரம்பித்தது. படம் ஆடுகிறது, சத்தம் வரவில்லை என்று வருகிற போன்கள் எனக்கு. அந்தத் தொடரைப் பற்றி வருகிறவை உனக்கு. எல்லா வீட்டிலும் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் அங்கே இருக்கிறவன் எப்படி இங்கிலீஷ் பேசுகிறான்? கப்பலுக்குள் யாரும் மிதக்காமல் எப்படி நடக்கிறார்கள்? கேப்டன் ஏன் இடது கையில் மட்டும் எப்போதும் உறை போட்டிருக்கிறார்? தொடரின் இரண்டாம் வருஷத்தில் அந்த டாக்டரம்மா எங்கே காணாமல் போனாள், ஏன் யாரும் அவளைப் பற்றிப் பேசுவதே இல்லை? நீ போனில் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டது. ஒருநாள் என்னிடம் வந்து, "நைனா, நம்ம லோக்கல் சேனல்ல சனிக்கிழமை தொடர் முடிஞ்சதும் ஒரு கால் மணி நேரம் கொடேன். எல்லாருக்கும் சேர்த்து ஒரே வாட்டி சொல்லிடறேன்" என்றாய். வாரம் முழுக்க அந்தப் போன் மணியிலிருந்து தப்பிக்கலாமே என்று கொடுத்தேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை.

அது எப்படி நடந்தது என்று உனக்கே மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. கல்யாண வீடியோ எடுக்கிறவரிடமிருந்து வாங்கிய பழைய கேமராவை நாற்காலியில் கட்டி வைத்தாய். சார்ட் பேப்பரில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் கேள்வி, நீலத்தில் பதில். விரலால் வரி வரியாகக் காட்டி நீயே படிப்பாய். உன் முகம் திரையில் தெரியாது. கையும் குரலும் மட்டும்தான். வசூலுக்குப் போகிற வீட்டிலெல்லாம், "அந்தக் கை உங்க பையனோடதா?" என்று கேட்டார்கள். லஸ் முனைப் பழைய புத்தகக் கடையில் நின்று நின்று, எந்த வருஷத்து இங்கிலீஷ் பத்திரிகையிலோ கண்டுபிடித்தாய், அந்தக் கேப்டன் நடிகருக்கு நிஜமாகவே கையில் தீக்காயம் என்று. டாக்டரம்மாவைப் பற்றி எதுவும் கிடைக்கவில்லை. சார்ட்டில் பெரிதாக, 'எனக்குத் தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்' என்று எழுதிக் காட்டினாய். "எதையாவது அடிச்சி வுடுடா, யாருக்குத் தெரியப்போவுது" என்றேன். "கேக்கறவங்க நம்பிக் கேக்கறாங்க நைனா" என்றாய். பதினைந்து வயதில் அது உனக்குத் தெரிந்திருந்தது. எனக்கு நாற்பது தாண்டியும் தெரியவில்லை.

நொச்சிக்குப்பத்துத் தனத்தை உனக்கு நினைவிருக்கும். ரோட்டோரம் மீன் கூடை வைத்து விற்பாளே, அவள். ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஐந்தரைக்குக் கூடையைக் கவிழ்த்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அவளுக்கு மிதப்பதும் மிதக்காததும் ஒரு பொருட்டே இல்லை. "கப்பலு கெளம்பி இத்தினி நாளாச்சே, குடிக்கத் தண்ணி இன்னா பண்றானுங்கோ? வூட்ல கீறவங்களுக்குச் சேதி போச்சா இல்லியா?" என்று கேட்பாள். அவள் கேள்விக்கு நீ மூன்று சார்ட் எழுதினாய். கடைசியில் அவள் கேட்டதைத்தான் எல்லோருமே கேட்டுக்கொண்டிருந்தார்கள். கப்பல் வீடு போய்ச் சேருமா சேராதா? கடைசிப் பகுதி எந்தச் சனிக்கிழமை வருகிறது என்று கணக்குப் போட்டு, இரண்டு வாரம் முன்னாலேயே சார்ட்டில் எழுதிப் போட்டாய். 'எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.' தனம் வீட்டில் கூடுவதாக ஏற்பாடு.

இனிமேல் வருவது உனக்குத் தெரியாதது. அதற்கு முந்தின வாரம் பெய்த மழையில் ஒரு ரிசீவரும் மாடுலேட்டரும் புகைந்துபோய், ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைக்குக் கொடுத்திருந்தேன். கையில் ஐந்துதான். சனிக்கிழமை மதியம் உன்னைக் கூப்பிட்டு, பெட்டிகளின் பின்பக்கம் தூசி தட்டித் துடைக்கச் சொன்னது நான்தான். நீ துடைத்துவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு நாலரை மணிக்கே குப்பத்துக்குப் போய்விட்டாய். ஐந்து மணிக்கு அந்தப் பெரிய அடுக்குமாடி வீட்டு செகரட்டரி மாமா போன் பண்ணினார். "என்னய்யா, பகல் ராத்திரி மேட்ச் எங்கயுமே வரலே? எங்க பில்டிங்ல அத்தனை பேரும் என்னைத்தான் கேட்டுண்டிருக்கா. அடுத்த தெருக்காரன் நன்னா குடுக்கறானாம். அவனையே வரச் சொல்லிடட்டுமா?" என்றார். அந்தக் கட்டடத்தில் இருபத்துநான்கு வீடு.

மேட்ச் கொடுக்க வேண்டுமென்றால் ஐந்தில் ஒரு ரிசீவரை மேட்ச் வருகிற சேனலுக்குத் திருப்ப வேண்டும். திருப்பிவிட்டால் அந்தப் பழைய சேனல் நம்மிடம் எங்கேயும் வராது, டெக்கில் பதிவு பண்ணவும் முடியாது. தமிழ்ச் சேனலில் கை வைத்தால் பெண்கள் சும்மா விடமாட்டார்கள். இந்திப் பாட்டு சேனலில் கை வைத்தால் காலேஜ் பையன்கள் மாடிக்கே வந்துவிடுவார்கள். உன் தொடர் வருகிற சேனல் ஒன்றுதான் கேட்க ஆள் இல்லாத சேனல் என்று தோன்றியது. கேட்க ஆள் இருந்தது, நீ இருந்தாய். நீ கேட்டால் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வேறு எந்தக் காரணமும் இல்லை. ஐந்து இருபதுக்கு என் கையால் திருப்பினேன்.

ஐந்தே முக்காலுக்குப் படிக்கட்டில் தடதடவென்று சத்தம். நீ முன்னால், பின்னால் தனம், அவள் பின்னால் குப்பத்து ஜனம் பத்துப் பன்னிரண்டு பேர். அதற்குள் இந்தப் பக்கத் தெருவிலிருந்தும் நான்கைந்து பேர் வந்து வாசலில் நின்றிருந்தார்கள். "இன்னா கேபிள்காரே, ரெண்டு வாரமா இன்னிக்கி இன்னிக்கின்னு சொல்லிக்கினு, கிரிக்கெட்டு ஓடிக்கினு கீது?" என்று ஒருவன் சத்தம் போட்டான். மேட்சுக்காக மாற்றினேன் என்று சொன்னால் குப்பத்து வீடுகள் அத்தனையும் அடுத்தவனிடம் போய்விடும். திருப்பி வைத்தால் அடுக்குமாடி போய்விடும். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. உன் சட்டையைப் பிடித்து இழுத்து, "எல்லாம் இவன் பண்ண வேலை. மதியானம் பெட்டியில கை வச்சுக் கெடுத்துட்டான், இப்ப சரி பண்ண முடியாது" என்று சொல்லிக் கன்னத்தில் அறைந்தேன். அவ்வளவு பேருக்கு முன்னால். கோபம் வந்து அடிக்கவில்லை. அடித்தால்தான் நம்புவார்கள் என்று அடித்தேன்.

தனம்தான் குறுக்கே வந்தாள். "அய்ய, புள்ளய இன்னாத்துக்கு அடிக்கிற? படம்தான, போனாப் போவுது. தங்கமான கைய்யி அவனுது" என்று உன்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. நீ அழவில்லை. எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்து, மெதுவாகத்தான் கேட்டாய். "நான் எதத் தொட்டேன் நைனா? சொல்லு, இனிமே அதத் தொட மாட்டேன்." அத்தனை பேருக்கு அத்தனை கேள்விக்குப் பதில் சொன்ன பிள்ளை, என்னிடம் கேட்டது அந்த ஒரே கேள்வி. அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாசலில் யாரும் இல்லை. நீயும் நானும்தான். ஆனால் அடித்த அடியை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியாமல், "பின்னால ஒயரு ஏதோ லூசாக்கி வுட்டுட்ட. சில பேரு கை அப்பிடித்தான், மெஷினுக்கு ஆவாது" என்றேன். நீ உன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டாய்.

அடுத்த சனிக்கிழமை, உன் நேரம் வந்ததும் நீயாகவே கேமராவை நாற்காலியில் கட்டினாய். ஒரே ஒரு சார்ட். 'என் தவறால் கடைசிப் பகுதியை உங்களால் பார்க்க முடியவில்லை. மன்னித்துவிடுங்கள்.' விரலால் வரி வரியாகக் காட்டிப் படித்தாய். நான் உனக்குப் பின்னால் இதே ஸ்டூலில் உட்கார்ந்து, டெக்கின் ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மைக் ஒரு கை எட்டும் தூரத்தில் இருந்தது. நான் எழுந்து ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். துடைத்துக்கொண்டே இருந்தேன். நீ கேமராவை அவிழ்த்து, சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனாய். அதற்குப் பிறகு இந்த அறைக்கு நீ வரவே இல்லை.

பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் குரூப் கிடைக்கிற மார்க் இருந்தும் காமர்ஸ் எடுத்தாய். "அவனுக்கு அதுதான் புடிச்சிருக்குது போல" என்று அம்மாவிடம் சொன்னேன். வீட்டில் பல்பு ஃபியூஸ் ஆனால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவாய். ஒருமுறை உன் அறை ஃபேன் ரெகுலேட்டர் போய், ஒரு வாரம் வேர்த்து வழிந்துகொண்டே படித்தாய், ஒரு ஸ்க்ரூ கழற்ற மாட்டாய். நான் வந்து மாற்றினேன். இரண்டு நிமிஷ வேலை. மாற்றிக்கொண்டே, "இதுகூடத் தெரியாதா" என்று கேலி செய்தேன். எவ்வளவு கொழுப்பு எனக்கு. பி.காம். முடித்தாய், பாண்டி பஜார் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாய், அங்கேயும் கம்ப்யூட்டர் வந்தபோது நீ மட்டும் கையால் எழுதுகிற கவுன்ட்டரைக் கேட்டு வாங்கினாயாம். உன் நண்பன் சொன்னபோது, உனக்குப் பழக்கம் இல்லாததால் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கைவசம் வைத்திருந்தேன். பொய் சொல்கிறவனுக்கு அது ஒரு முழுநேர வேலை.

வெள்ளிக்கிழமை வசூலுக்குப் போகிற சாக்கில் செகரட்டரி மாமா வீட்டுக்குப் போனேன். யாரிடமாவது முதலில் சொல்லிப் பழகிக்கொள்ளலாம் என்று ஒரு எண்ணம். விஷயத்தைச் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "எந்த மேட்ச்? எப்போ? ஆறு வருஷமாச்சா? நேக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையேப்பா. அன்னிக்கு ஜெயிச்சோமா, தோத்தோமா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அவருக்கு நினைவே இல்லாத ஒரு மேட்சுக்காக உன்னை விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

அங்கிருந்து நேராகக் குப்பத்துக்குப் போனேன். தனம் சங்கரா மீனுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் தலை நிமிரவில்லை. முடித்ததும், "அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றாள். எப்படி என்று கேட்டேன். "பொட்டி நெசமா கெட்டுருந்தா நீ பொட்டியத்தான பாத்திருப்ப. நீ அந்தப் பொட்டி பக்கமே திரும்பல. புள்ளயவே பாத்துக்கினு இருந்த." இன்னும் ஒரு பிடி ஐஸை அள்ளிப் போட்டுவிட்டு, "இத என்னாண்ட இன்னாத்துக்கு வந்து சொல்ற? நான் இன்னா உன்ன மன்னிச்சி அனுப்பணுமா? போ, அவனாண்ட சொல்லு. வியாபார நேரம்" என்று என்னை ஒதுங்கி நிற்கச் சொன்னாள். ஒதுங்கி நின்றேன். ஒரு அம்மா மீன் வாங்க வந்தாள்.

இன்று காலையில் உன் அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "அடிச்சியே, அடிக்கறப்பவே தெரியுமா அவன் பண்ணலன்னு?" தெரியும் என்றேன். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள். இதுவரைக்கும் என்னிடம் பேசவில்லை. சோறு மட்டும் எடுத்து வைத்திருந்தாள். நீ வந்ததும் உன்னிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தால், அது உன் மேல் இருக்கிற கோபம் இல்லை. அன்றைக்கு நீ அடி வாங்கிக்கொண்டு வந்தபோது அவளும் என் பேச்சை நம்பி, "ஏன்டா அதுல போய்க் கை வச்ச" என்று உன்னைத் திட்டினாள். அது அவளை உறுத்திக்கொண்டிருக்கும். அதுவும் என் கணக்கில்தான் சேரும், அவள் கணக்கில் இல்லை.

மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. எழுதினால் நீ உடனே மன்னித்துவிடுவாய், நான் நிம்மதியாகத் தூங்கிவிடுவேன். அது நியாயம் இல்லை. வேண்டுமானால் என்னைத் திருப்பி அடி என்று எழுதலாமா என்றும் யோசித்தேன். நீ அடிக்கமாட்டாய் என்று தெரிந்துகொண்டு சொல்கிற பேச்சு அது, அதனால் அதையும் எழுதவில்லை. பெற்றவன் என்கிற முறையில் ஒன்று மட்டும் கேட்கிறேன். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது உன்னிடம் வந்து ஏதாவது கேட்டால், தெரிந்ததைத் தெரிந்தது என்று சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல். இதை நான் உனக்குச் சொல்லவே வேண்டாம். உன்னிடமிருந்து திருடித்தான் உனக்குச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை அந்தக் கம்பெனிக்கு நீ என்ன பதில் சொன்னாலும் எனக்குச் சம்மதம். கடையில் பில் போடுகிற வேலைதான் மனசுக்குப் பிடித்திருக்கிறது என்றால் அங்கேயே இரு, ஒரு குறையும் இல்லை. ஆனால் உன் கை சரியில்லை என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வராதே. அது பொய். நான் சொன்ன பொய்யை இனி நீ சொல்லித் திரியக் கூடாது.

அன்றைக்கு நீ கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். நீ எதையும் கெடுக்கவில்லை, ராஜா. நீ துடைத்துவிட்டு இறங்கிப் போன பிறகு நான் ஒவ்வொரு சேனலாகப் போட்டுப் பார்த்தேன். ஐந்திலும் படம் முன்பைவிடத் தெளிவாக இருந்தது.

உன்
நைனா